மூடி போட்ட கரண்டி

அருங்காட்சியகத்தின் நிலவறைக்கு அந்த ஏழு மரப்பெட்டிகளும் வந்து இறங்கிய அன்று, வேலை பார்த்தவர்கள் எல்லோரும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். பெட்டிகளுக்குள் இருந்தவை கரண்டிகள். நானூற்றுப் பதினோரு கரண்டிகள்.

"கரண்டிக்கு ஒரு கண்காட்சியா? வீட்டு டிராயரை இழுத்தா பாத்துக்கலாமே, அதுக்கு டிக்கெட் வேறயா?" என்றார் வாசல் காவலர்.

கப்பலில் டாக்டராக இருந்த ஒருவர் சேர்த்தவை அவை. கூட வேலை பார்த்தவர்கள் துறைமுகத்துக்குத் துறைமுகம் சட்டைத் துணியும் வாசனைப் புட்டியும் வாங்கிக்கொண்டிருக்க, அந்த மனிதர் நாற்பது வருஷமும் கரண்டி மட்டுமே வாங்கியிருக்கிறார். எது எந்த ஊர், எதற்கு ஆனது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பேட்டைத்தான் கரையான் தின்றிருந்தது. அட்டை மட்டும் மிச்சம். அவர் போன பிறகு, வீட்டில் வைக்க இடமில்லை என்று பிள்ளைகள் மொத்தத்தையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவற்றைச் சுத்தம் செய்வதற்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தவள்தான் ஆஸ்பத்திரியக்கா. வயது நாற்பத்தாறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினெட்டு வருஷம் வார்டு உதவியாளராக இருந்தவள். அந்த வேலையை எல்லாம் ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டதால், பழைய ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அருங்காட்சியகத்தில் சேர்ந்த முதல் நாளே யாரோ ஒருவர் மயங்கி விழ, இவள் ஓடிப்போய்த் தலையைச் சாய்த்துப் பிடித்துக் காலர் பட்டனைக் கழற்றிக் காற்று வரவைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இயக்குநர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கிடங்கின் காப்பாளர் முப்பது வயதுப் பெண். முதல் நாள் அவர் சொல்லிக் கொடுத்ததை அக்கா சிலேட்டில் எழுதியதுபோல மனசில் எழுதிக்கொண்டாள். வெள்ளிக்குப் பொடி போடக் கூடாது. எலும்பை ஊறவைக்கக் கூடாது. மரத்தை வெயிலில் காட்டக் கூடாது. பஞ்சுக் கையுறை, மெல்லிய தூரிகை, காய்ச்சி வடித்த நீர், குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு, அவ்வளவுதான் ஆயுதங்கள். ஒரு நாளைக்கு ஆறு கரண்டி முடித்தால் பெரிய விஷயம்.

முதல் வாரம் அவளுக்கு எல்லாமே கரண்டியாகத்தான் தெரிந்தது. மூன்றாவது வாரத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆளாகத் தெரிய ஆரம்பித்தது. குச்சியில் நாரால் கட்டிய கிளிஞ்சல் ஒன்று. அது சாப்பிட்டவனின் பல் பட்டு ஓரத்தில் கொஞ்சம் சிதைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் மாட்டுக்கொம்புக் கரண்டி. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தோண்டி எடுக்க, விரல் பருமனில் நீளமாக ஒன்று. முட்டை பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்பதற்காகச் சிப்பியின் மினுங்கும் உள் ஓட்டில் செதுக்கிய குட்டிக் கரண்டி. மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளப் பயணிகள் வைத்திருந்த கரண்டி. மீசையில் குழம்பு ஒட்டாமல் இருக்க ஓரத்தில் தடுப்பு வைத்த கரண்டியைப் பார்த்தபோது அவள் தனியாக உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மீசையை எடுத்துட்டா தீந்துச்சு. அதுக்குப் போய் வெள்ளியில வேலி கட்டியிருக்கான் பாருங்க மேடம்" என்றாள் காப்பாளரிடம்.

ஒரு நாள் அவள் ஒரு மர அகப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, அதுல என்ன?"

"மத்த அகப்பையெல்லாம் இடது ஓரம் தேஞ்சிருக்கு மேடம். வலது கையால பாத்திரத்தைச் சுரண்டினா அந்தப் பக்கம்தான் தேயும். இது மட்டும் வலது பக்கம் தேஞ்சிருக்கு. இதை வச்சுச் சமைச்சவங்க இடது கைக்காரங்க."

காப்பாளர் மற்ற அகப்பைகளை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். அக்கா சொன்னது சரி. அன்று மாலையே அந்த அகப்பையின் விளக்க அட்டையில் அந்த வரியை ஏற்றினார். அதற்குப் பிறகு எந்தக் கரண்டியைப் பற்றியும் முதலில் அக்காவிடம்தான் கேட்பார்.

இருநூற்றுப் பதினேழாம் எண் கரண்டி கடைசியாகப் பிரித்த பெட்டியில் வந்தது. வெள்ளி. குழிக்கு மேலே கீல் வைத்த ஒரு மூடி. மூடியும் குழியும் சேருகிற நுனியில் மட்டும் சிறிய வாய், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் மூக்கு மாதிரி. பிடி உருண்டையாக, விரல் நீளத்தில் இருந்தது. ஏற்கனவே எழுதிய அட்டை ஒன்று அதோடு கட்டியிருந்தது: 'வாசனைப் பொடி தூவும் கரண்டி. செல்வந்தர் வீட்டு விருந்துகளில் பயன்பட்டது.' எழுதியவர் பேராசிரியர். கண்காட்சிக்கான விளக்க நூல் அவருடைய பொறுப்பு. கரண்டிகளைப் பற்றி இரண்டு புத்தகம் போட்டவர். மூன்று மாதத்துக்கு முன் வந்து நானூற்றுப் பதினொன்றையும் மூன்றே நாளில் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

அக்கா பிடியின் கடைசியில் கறுப்பாக ஒரு பொட்டைக் கவனித்தாள். அழுக்கு. காப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எடுத்துடுங்கக்கா. மெதுவா, குச்சியால மட்டும்."

குச்சியால் தொட்டுத் தொட்டு ஒரு மணி நேரம் ஆயிற்று. பட்டாணியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்பு அடைப்பு கழன்று விழுந்தது. அதன் பின்னால் ஒரு ஓட்டை. அதற்குள் குச்சியை விட்டால் போய்க்கொண்டே இருந்தது. பிடி முழுக்கவே, குழிவரைக்கும், குழாய்.

ஆஸ்பத்திரிப் பழக்கம், நோயாளியின் உடம்பிலிருந்து எது வெளியே வந்தாலும் டாக்டர் பார்க்கும்வரை தூக்கிப் போடக் கூடாது. அந்தப் பழக்கத்தில் அவள் அடைப்பை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே 217 என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டாள். உறையை மூடும் முன் மூக்கருகே கொண்டு போனாள். புருவம் உயர்ந்தது. எவ்வளவு காலம் ஆனாலும் அந்த வாடையை அவளால் மறக்க முடியாது. விளக்கெண்ணெய்.

பிறகு காய்ச்சி வடித்த நீரைக் குழிக்குள் விட்டு, மூடியைச் சாத்தி, உள்ளே அலசினாள். கொட்டுவதற்காகக் கவிழ்த்தாள். தண்ணீர் விழவில்லை. எங்கேயாவது அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கையை மாற்றினாள். கட்டைவிரல் பிடியின் நுனியிலிருந்து விலகியது. குபுக்கென்று மொத்தத் தண்ணீரும் தட்டில் விழுந்தது.

அக்கா தட்டையும் தன் கட்டைவிரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வார்டில் தாடை உடைந்து பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டிப் படுத்திருந்தவர்கள் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவர்களுக்கு மருந்து கொடுக்க அவளிடம் ஒரே வழிதான் இருந்தது. உறிஞ்சு குழாயை மருந்தில் விட்டு, மேல் நுனியைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்குவாள். மருந்து குழாய்க்குள்ளேயே நிற்கும். கன்னத்து ஓரமாக உள்ளே விட்டு விரலை எடுத்தால் இறங்கும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதையே வெள்ளியில், கீல் வைத்து, அளவு வைத்து யாரோ ஒருவன் செய்திருக்கிறான்!

"மேடம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் காப்பாளர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

பேராசிரியர் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். கஞ்சி போட்டு மடமடவென்று நிற்கும் வெள்ளைச் சட்டை, முழுக்கை. கண்காட்சி திறக்கப் பத்து நாள் இருந்தது. காப்பாளர் உற்சாகமாக விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. கரண்டியை வாங்கி நுனியைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி நான் எடுத்த படம். இதுல ஓட்டை எங்க இருக்கு?"

படத்தில் பிடியின் நுனி கறுப்பாக, மழமழவென்று இருந்தது.

"அடைச்சுக்கிட்டு இருந்துச்சுங்க ஐயா. அழுக்கை எடுத்தேன்."

"அழுக்கை எடுத்தீங்களா, ஓட்டை போட்டீங்களா? குச்சியை வச்சுக் குத்திக் குத்தி ஒரு அரிய பொருளைப் பாழ் பண்ணிட்டு, இப்ப மருந்துக் கரண்டின்னு கதை சொல்றீங்களா?"

"வெள்ளியை மூங்கில் குச்சி ஓட்டை போடுமாங்க ஐயா?" என்று அவள் பணிவாகத்தான் கேட்டாள். ஆனால் அது அவருக்கு எகத்தாளமாகப் பட்டது.

"படிச்சவங்க பேசற இடத்துல துடைக்கிறவங்களுக்கு என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் கெட்டவர் அல்ல, ஆனால் பயந்த சுபாவம். கரண்டியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வெள்ளிக்கிழமை காலை விசாரணை, அதுவரை அக்கா கிடங்குப் பக்கம் வரவேண்டாம் என்றார். காப்பாளர் எவ்வளவோ வாதாடினார். "நான்தான் எடுக்கச் சொன்னேன் சார்" என்றார். "அப்ப உங்களையும் விசாரிக்க வேண்டி வரும்" என்றார் இயக்குநர். காப்பாளர் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து அக்காதான் அவர் கையை அழுத்தினாள்.

"விடுங்க மேடம். கரண்டி பொய் சொல்லாது. பதிவேட்டுல நீங்க எழுதி வச்ச அதோட அளவை மட்டும் எனக்கு அனுப்புங்க. நீளம், அகலம், குழாயோட விட்டம், எல்லாம்."

"எதுக்கு அக்கா?"

"என் வீட்டுக்காரர் எதுக்கு இருக்கார்?"

அவள் கணவர் ரேடியேட்டர் மெக்கானிக். லாரி, பஸ், கார் எதுவானாலும் தண்ணீர் ஒழுகினால் அவர் பட்டறைக்குத்தான் வரும். மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி யோசித்தார்.

"உன்னைத் திருடின்னு சொன்னானா?"

"இல்லீங்க. ஓட்டை போட்டேன்னு சொன்னாரு."

"இத்தனை வருஷமா ஓட்டை அடைக்கிறவன் நான். என் பொண்டாட்டி ஓட்டை போடுவாளா? கேக்குறவன் சிரிக்க மாட்டான்?" என்றார். சிரித்தபடி சொன்னாலும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் 'இன்று விடுமுறை' என்று சாக்குக்கட்டியால் எழுதினார்.

வீட்டு மேஜைக் கரண்டி ஒன்று குழி ஆனது. பித்தளைத் தகட்டில் மூடி வெட்டினார். பழைய ரேடியேட்டரின் செப்புக் குழாய் பிடி ஆனது. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு முதல் கரண்டி தயார். மகள் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்திருந்தாள்.

"நோயாளி நான்தானா? என் துப்பட்டா புதுசுப்பா. கொட்டினா நீங்கதான் துவைக்கணும்" என்று சொல்லிவிட்டு சோபாவில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்தாள்.

அக்கா கரண்டியில் தண்ணீர் விட்டு, மூடியைச் சாத்தி, கட்டைவிரலை நுனியில் வைத்துச் சாய்த்தாள். வாய்க்குப் போகும் முன்பே தண்ணீர் மகளின் மூக்கில், கழுத்தில், புதுத் துப்பட்டாவில் எல்லாம் வழிந்தது.

"அம்மா! எனக்குத் தாடை உடையல. மூச்சுதான் நிக்கப் போகுது!"

மூன்று முறை முயன்றார்கள். மூன்று முறையும் மகள் குளித்தாள். அக்கா கரண்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீர் விழாமல் நின்றதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒருவேளை அன்று வேறு ஏதாவது அடைத்துக்கொண்டிருந்ததோ? பேராசிரியர் சொல்வதில் உண்மை இருக்குமோ?

கணவர் கரண்டியோடு கொல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். ரேடியேட்டரைச் சோதிப்பதைப் போலவே அதைப் பிடியின் கடைசி மட்டும் மேலே தெரியும்படி முக்கி, நுனி வாயை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, பிடியில் வாய் வைத்து ஊதினார். கீல் ஓரத்திலிருந்து மாலை மாதிரி குமிழிகள் கிளம்பின.

"இங்க வா. இந்தா பாரு. காத்து இங்கதான் உள்ள போகுது. காத்து போனா தண்ணி நிக்காது. உன் யோசனை சரிதான். என் வேலைதான் மோசம்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் முழுக்க அவர் மூடியின் விளிம்பை இழைத்தார். எஞ்சின் வால்வுக்குப் போடும் பசையைத் தடவி, மூடியையும் குழியையும் ஒன்றோடு ஒன்று வைத்து அரைத்து அரைத்து, மயிரிழைகூட நுழையாதபடி ஆக்கினார். நுனி வாயையும் பாதியாகச் சுருக்கினார். தொட்டியில் முக்கி ஊதினால் ஒரு குமிழி வரவில்லை.

மகள் இந்த முறை பழைய சட்டையோடு வந்து படுத்தாள். அக்கா தண்ணீரை விட்டாள், மூடினாள், விரலை வைத்தாள். கரண்டியைச் சாய்த்தாள், தலைகீழாகவே பிடித்தாள். ஒரு சொட்டு விழவில்லை. நாக்கின் பின்பக்கம் கொண்டுபோய் விரலை எடுத்தாள். மகள் மடக்கென்று விழுங்கினாள். எழுந்து உட்கார்ந்து சட்டையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"அப்பா! அம்மா ஜெயிச்சாச்சு!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

வெள்ளிக்கிழமை காலை இயக்குநர் அறையில் நீள மேஜையின் ஒரு பக்கம் இயக்குநரும் பேராசிரியரும் இருந்தார்கள். இன்னொரு பக்கம் காப்பாளரும் அக்காவும். நடுவில் பட்டுத்துணி மேல் இருநூற்றுப் பதினேழு. பேராசிரியர் அன்றும் வெள்ளைச் சட்டைதான். அக்கா கைப்பையிலிருந்து தன் பித்தளைக் கரண்டியை எடுத்து வைத்ததும் அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"இது என்ன, வீட்டுச் சாமானா?"

"ஆமாங்க ஐயா. அசலைத் தொடக் கூடாதுன்னு சொன்னாங்க. அதான் நகல் கொண்டு வந்தேன். அளவெல்லாம் அதே அளவு."

ஒரு சிறிய புட்டியில் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு கொண்டு வந்திருந்தாள். கரண்டியை நிரப்பினாள். மூடினாள். பிறகு பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா, உங்களுக்கு உடம்பு முடியலேன்னு வச்சுக்குவோம். எழுந்து உக்கார முடியாது. வாயை ஒரு விரல் அகலத்துக்கு மேல திறக்க முடியாது. நாற்காலியில நல்லா சாஞ்சுக்குங்க."

"என் மேலயா? கொட்டினா?"

"கொட்டினா அந்த நிமிஷமே நான் வீட்டுக்குப் போயிடறேன். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

இயக்குநர் ஆர்வம் தாங்காமல் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். பேராசிரியருக்கு மறுக்க வழியில்லை. சாய்ந்து, வாயை லேசாகத் திறந்தார். கண்ணை மட்டும் மூடவில்லை.

அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். நின்ற அந்த நொடியில் அவள் துடைக்கிறவளாக இல்லை. பதினெட்டு வருஷம் கட்டிலுக்குக் கட்டில் போய்த் தலையைத் தாங்கிய கை, அவர் தலையையும் அதே மாதிரி தாங்கியது. மற்றொரு கையால் கரண்டியைத் தலைகீழாகத் திருப்பி, அந்த வெள்ளைச் சட்டைக்கு நேர் மேலாக, மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாகக் கொண்டு போனாள். ஒரு துளி விழவில்லை. நுனி அவர் பற்களுக்கு இடையில் நுழைந்தது.

"விழுங்குங்க ஐயா" என்று சொல்லி, கட்டைவிரலை எடுத்தாள்.

பேராசிரியரின் தொண்டை ஏறி இறங்கியது. அவர் நிமிர்ந்து சட்டையைக் குனிந்து பார்த்தார். கஞ்சி போட்ட மடிப்புகூடக் கலையாமல் பளிச்சென்று இருந்தது.

இயக்குநர் தன்னை மறந்து கை தட்டிவிட்டார்.

ஆனால் பேராசிரியர் விடுகிற ஆள் இல்லை. கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, "இது வேலை செய்யுது. சரி. நீங்க ஓட்டை வச்சு செஞ்சீங்க, அதனால வேலை செய்யுது. அசல்ல ஓட்டை முதல்லேர்ந்தே இருந்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார்.

நியாயமான கேள்வி. அக்காவுக்கே அது பிடித்திருந்தது. காப்பாளரைப் பார்த்துத் தலையசைத்தாள். காப்பாளர் சின்ன உறையை மேஜையில் வைத்தார். மேலே எண், தேதி, நேரம்.

"ஓட்டையில இருந்து வந்த அடைப்பு ஐயா. மோந்து பாருங்க."

பேராசிரியர் முகர்ந்தார். முகம் சுளித்தது. இயக்குநர் முகர்ந்தார். அவர் முகமும் சுளித்தது.

"விளக்கெண்ணெய்" என்றார் இயக்குநர். "சின்ன வயசுல மூக்கைப் பிடிச்சு ஊத்துவாங்க."

"வாசனைப் பொடி தூவுற கரண்டியில அது எப்படி வந்துச்சுன்னு யோசிங்க. இன்னும் ஒண்ணு. லென்ஸை வச்சு ஓட்டையோட விளிம்பைப் பாருங்க. புதுசா போட்ட ஓட்டைன்னா உள்ள பளபளன்னு இருக்கும், பிசிறு இருக்கும். இது உள்ள கறுத்துப் போயிருக்கு. சுத்திவர ஒரு பள்ளம் தெரியும். ஒரு பக்கம் அதிகமா தேஞ்சிருக்கும். அது கட்டைவிரல் ஐயா. எத்தனையோ வருஷம், எத்தனையோ நோயாளி, ஒரே இடத்துல வச்சு எடுத்த கட்டைவிரல்."

பேராசிரியர் லென்ஸை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் கட்டைவிரலையே எடுத்து அந்தப் பள்ளத்தில் மெல்ல வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி அது போய்ப் பொருந்தியது. அவர் முகம் மாறியதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"சார், கொஞ்சம் காய்ச்சி வடிச்ச தண்ணி வேணும்" என்றார் இயக்குநரிடம். குரல் இறங்கியிருந்தது.

காப்பாளர் கையுறை போட்டு, அசல் கரண்டியில் தண்ணீர் விட்டு, மூடி, அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை.

"ஐயாவே செய்யட்டும் மேடம்."

பேராசிரியர் செய்தார். கவிழ்த்தார். தண்ணீர் நின்றது. விரலை எடுத்தார். தண்ணீர் விழுந்தது. இன்னொரு முறை செய்தார். மூன்றாவது முறையும் செய்தார். நாலாவது முறை செய்தபோது அவர் முகத்தில் வந்த சிரிப்பு அசல் சிரிப்பு. ரொம்ப நாள் கழித்துப் புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்ட ஆளின் சிரிப்பு.

"ரெண்டு புத்தகம் எழுதினேன். ஒரு தடவைகூட இந்தப் பிடியைக் கையில பிடிக்கிற மாதிரி பிடிச்சுப் பாக்கல" என்றார். பிறகு எழுந்து நின்று, "அம்மா, அன்னிக்கு நான் பேசினது தப்பு. துடைக்கிறவங்கன்னு சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சுடுங்க" என்றார்.

"சாறு இனிப்பா இருந்துச்சுங்களா ஐயா?" என்று கேட்டுவைத்தாள் அக்கா. காப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இயக்குநர் பொத்தாமலேயே சிரித்தார்.

பேராசிரியர் பழைய அட்டையை எடுத்துத் தன் கையாலேயே இரண்டாகக் கிழித்தார். புது அட்டையை அங்கேயே உட்கார்ந்து எழுதினார். வாயைத் திறக்க முடியாத நோயாளிக்குத் திரவ மருந்து கொடுக்கும் கரண்டி என்றும், அது வேலை செய்யும் விதம் இன்னதென்றும் எழுதிவிட்டு, கீழே 'கண்டறிந்தவர்' என்று போட்டு நிமிர்ந்தார்.

"முழுப் பேர் சொல்லுங்கம்மா. இனிஷியலோட."

அவள் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமும் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை யாரும் எழுதியதில்லை.

கண்காட்சி திறந்த நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. கரண்டியைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்ட வாசல் காவலர், வரிசையை ஒழுங்குபடுத்தியே ஓய்ந்துபோனார். கிளிஞ்சலில் தொடங்கி எவர்சில்வரில் முடிகிற வரிசைக்கு நடுவில், இருநூற்றுப் பதினேழுக்கு மட்டும் தனிப் பெட்டி. பக்கத்தில் ஒரு மேஜையில் பித்தளைக் கரண்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும். மேஜைக்குப் பின்னால் அக்கா. இயக்குநர் அவள் ஒப்பந்தத்தை நிரந்தரம் ஆக்கிய கடிதத்தை அன்று காலையில்தான் கையில் கொடுத்திருந்தார். அதை அவள் மடித்துக் கணவரின் சட்டைப்பையில் வைத்துவிட்டாள். அவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் கரண்டி எதுன்னு தெரியுமா?" என்று அவள் கூட்டத்தைக் கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "இதுதான். இதுல தண்ணி ஒழுகிச்சு. ஒழுகாம இருக்கணும்னு கிளிஞ்சலை எடுத்தான். சுட்டுச்சு. சுடாம இருக்கணும்னு பிடி வச்சான். அப்புறம் யாரோ ஒருத்தருக்கு வாய் திறக்க முடியல. அவங்களுக்காக இன்னொருத்தர் இதைச் செஞ்சார்."

அவள் பித்தளைக் கரண்டியை நிரப்பித் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தாள். கூட்டம் 'ஆ' என்றது. விரலை எடுத்தாள். தண்ணீர் கிண்ணத்தில் விழுந்ததும் மொத்தக் கூடமும் கை தட்டியது. பேராசிரியர் கடைசி வரிசையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி தட்டினார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெள்ளை உடையில் ஒரு பெண் முன்னால் வந்தார். அக்கா முன்பு வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தலைமைச் செவிலியர்.

"நீதானா? வெளியில போர்டுல பேரைப் பாத்துட்டு ஓடி வரேன்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பித்தளைக் கரண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டு முறை தண்ணீர் மொண்டு சோதித்தார். "வார்டுல இப்ப தாடை கட்டினவங்க நாலு பேர் படுத்திருக்காங்க. எவர்சில்வர்ல, கொதிக்க வச்சுக் கழுவற மாதிரி, இதே மாதிரி நாலு கிடைக்குமா?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். கணவர் பதில் சொல்லும் முன்பே தலையை ஆட்டிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்ட ஆரம்பித்திருந்தார்.

"நாலு எதுக்கு சிஸ்டர், பத்தா செய்யச் சொல்றேன்" என்றாள் அக்கா.